பதினாலு இஞ்ச் நிழல்

ஒட்டகத்துக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பட்டறை வாசலில் நின்ற லாரியை நாலு முறை சுற்றி வந்தான். டயரை எட்டி உதைத்தான். கண்ணாடியில் பறவை எச்சம் இருக்கிறதென்று துணியைத் தேடினான். துணி கிடைத்ததும் எச்சத்தை மறந்துவிட்டு பம்பரைத் துடைத்தான். ஆறடி மூன்று அங்குல உயரம், அதில் பாதியும் கழுத்துதானோ என்று பார்ப்பவர்கள் மலைக்கும்படி ஒரு கழுத்து. லோடு ஏற்றும் இடத்தில் எவனோ ஒருவன் விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் அது. கூப்பிட்டவன் யாரென்றே மறந்துபோயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வந்த வேலை பெரிய வேலையும் இல்லை. லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே, வெளிப்பக்கமாக, ஒரு எவர்சில்வர் தகடு மாட்ட வேண்டும். வெயில் கூசினால் நாம் நெற்றியில் கையை வைத்துக்கொள்கிறோமே, அதையே லாரிக்குச் செய்வது. பட்டறைக்காரர்கள் வைசர் என்பார்கள். இவர்களுடைய டிரெய்லர் போகும் தடம் அப்படி. காலையில் கிழக்கே போய்ச் சாயங்காலம் மேற்கே திரும்ப வேண்டும். போகும்போதும் சூரியன் மூஞ்சியில், வரும்போதும் மூஞ்சியில். பத்து வருஷமாக ஒட்டகம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே காலத்தை ஓட்டிவிட்டான். வைசர் வேண்டுமென்று கேட்டது அவனில்லை, அவன் பெண்டாட்டி.

அவள் கேட்க வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால், லோடு வரிசையில் காத்துக் கிடந்தபோது, நல்ல வேளையாக இன்ஜின் அணைத்திருந்த நேரத்தில், ஒட்டகத்துக்கு வலிப்பு வந்தது. பின்னால் நின்ற டிரைவர்கள்தான் கதவைத் திறந்து, இறக்கிப் படுக்க வைத்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், மாத்திரை எழுதினார், எந்த வண்டியையும் தொடக் கூடாது என்றார். கடைசியாக வலிப்பு வந்த நாளிலிருந்து முழுசாக ஒரு வருஷம் எதுவும் வராமல் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். நாலு மாதம் கூலிக்கு ஒரு டிரைவர் ஓட்டினார். அவருக்கு வேறு இடம் அமைந்துவிட்டது. கிடங்கில் எட்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெண்டாட்டி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் டிரெய்லர் லைசென்ஸுக்குப் படித்து, முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை பாஸாகி வந்து நின்றாள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவள்தான் ஓட்டப் போகிறாள்.

ஒட்டகம் சரி என்றுதான் சொன்னான். இன்னும் ஏழு மாதம்தானே. ஏழு மாதத்துக்கு இருக்கையை அவளுக்கு இரவல் கொடுப்பதாக மனசுக்குள் வைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஏழு மாதமே பொய். பத்தொன்பது நாளைக்கு முன்னால், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், குளியலறையில் அவனுக்கு இரண்டாவது முறை வந்துவிட்டது. கண் விழித்தபோது ஈரத்தரையில் கிடந்தான். வாய்க்குள் ரத்தம். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. நாக்கு வீங்கியதற்குச் சூடான டீ மேல் பழியைப் போட்டான், முழங்கைக் காயத்துக்குச் சோப்பு மேல். சொன்னால் வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு தடவை வந்தால் அது ஏதோ கெட்ட நேரம், இரண்டு தடவை வந்தால்தான் வியாதி என்று அவனே ஒரு வைத்தியம் படித்து வைத்திருந்தான். வெளியே சொல்லாதவரைக்கும் வந்தது ஒரு தடவைதான். இப்படி நினைத்துக்கொண்டே பத்தொன்பது நாளாக நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை மனுஷன்.

பட்டறை அவன் மச்சானுடையது. பெண்டாட்டியின் கூடப் பிறந்த அண்ணன். ஊரெல்லாம் அவரை ரிவெட்டு என்றுதான் கூப்பிடும். அவர் அடித்த ரிவெட்டும் கழலாது, சொன்ன சொல்லும் கழலாது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் லாரியின் மூக்கு நுழைகிற அளவுக்குத் திறப்பு. சுவரில் எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு இஞ்ச் என்று மாதிரித் தகடுகள் வரிசையாகத் தொங்கின. பத்து மணிக்கே கூரை காய்ந்து படபடவென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. காற்று அடித்தது, ஆனால் அதுவும் சூடான காற்று. இரும்புத் தூளும் புழுதியும் பல்லில் கரகரத்தன.

"என்ன மாடல்னு பேசி முடிச்சிட்டீங்களா, இல்ல இங்க வந்துதான் சண்டை போடப் போறீங்களா?" என்று கேட்டார் ரிவெட்டு.

"மீசை மாடல் போடு மச்சான்," என்றான் ஒட்டகம். இரண்டு ஓரமும் மீசை மாதிரி கீழே இறங்கி நிற்கும் தகடு அது. பார்க்க எடுப்பாக இருக்கும்.

"அதெல்லாம் வேணாம்ண்ணே," என்றாள் அவன் பெண்டாட்டி. "ஓரத்துல தொங்கிச்சுன்னா மிரர் பக்கம் மறைக்கும். நேரா இருக்கறதே போடு. அழகு பாக்கவா மாட்டறோம்?"

"அப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடி மாடல்?" என்று விடாமல் கேட்டான் ஒட்டகம்.

"கல்லு ஒண்ணு பட்டா விரிசல் விட்டுடும். மூணே மாசத்துல திரும்ப எங்கிட்டதான் வருவீங்க," என்றார் ரிவெட்டு. "எனக்கு நல்லதுதான். இருந்தாலும் கூடப் பொறந்தவளாச்சே, உண்மையச் சொல்றேன். தகடே போடுங்க."

"சரி. தகடு, நேர் மாடல். பத்து இஞ்ச்," என்றான் ஒட்டகம், அவள் வாயைத் திறப்பதற்குள்.

"பத்தா? எனக்குப் பத்து பத்தாதுங்க. நான் இருக்கற உயரத்துக்கு வெயில் அடியில பூந்து வரும். பதினாலு வேணும்."

"பதினாலா? லாரிக்குக் கண்ண மூடி விட்ட மாதிரி இருக்கும். ரோடு தெரியணுமா வேணாமா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அவள் யதார்த்தமாகத்தான் சொன்னாள். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு அவள். தாழ உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தகடு எவ்வளவு இறங்கினாலும் அதற்கடியில் ரோடு கிடைக்கும். உயரமானவன் கண் மேலே இருக்கிறது, அதே தகடு அவனுக்கு முன்னால் சுவராக நிற்கும். வைசர் பேச்சு வந்த அன்றே ஒட்டகம் இதை யோசித்துவிட்டான். பதினாலு மாட்டினால் அந்த இருக்கை தனக்கு இல்லை. பத்து மாட்டினால் என்றைக்காவது ஏறி உட்காரலாம். காலையிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்காததற்கு இதுதான் காரணம்.

"நீயும் சொல்லக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது," என்றார் ரிவெட்டு. "வாளி சொல்லும்."

ரிவெட்டு பட்டறைக்கென்று ஒரு முறை இருந்தது. முற்றத்துக் கோடியில் ஒரு இரும்புக் கம்பம். அதில் சிக்னல் விளக்கு தொங்கும் உயரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதற்கு மேலே கம்பத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் பட்டை. தரையில் வெள்ளைக் கோடு, அதில் லாரியின் மூக்கை நிறுத்த வேண்டும். டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்தால் வாளி தெரிய வேண்டும், மஞ்சள் தெரியக் கூடாது. வாளி சிக்னல், மஞ்சள் சூரியன். வாளி தெரியாத வண்டியை அவர் முற்றத்தை விட்டு வெளியே விட்டதில்லை. அடிவானத்தைத் தொடுகிற சூரியனுக்கு எந்தத் தகடும் உதவாது, அப்போது ஓரம் கட்டி டீ குடிக்க வேண்டியதுதான் என்றும் சேர்த்தே சொல்லுவார்.

லாரி கோட்டில் நின்றது. பழக்கத்தில் ஒட்டகம்தான் முதலில் ஏறினான்.

"ஓட்டப் போறது பாப்பாதானே?" என்றார் ரிவெட்டு. முப்பத்தாறு வயசானாலும் தங்கை அவருக்குப் பாப்பாதான்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும் மச்சான். நான் என்ன அப்படியே உக்காந்துடப் போறேனா?"

இருக்கைக்கடியில் இருந்த குமிழை அழுத்திக் காற்றேற்றினான். டிரெய்லர் லாரியில் டிரைவர் இருக்கை காற்றுப் பையின்மேல் நிற்கும், வேண்டிய அளவுக்கு ஏற்றலாம், இறக்கலாம். அவன் நீளக் காலுக்கு உயர்த்தி வைத்தால்தான் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்காது. ரிவெட்டு ஏணியில் ஏறி, பதினாலு இஞ்ச் மாதிரியைக் கண்ணாடிக்கு மேலே வைத்துக் கிளாம்பு போட்டார். ஒட்டகம் பார்த்தான். கம்பம் இருந்தது, வாளி இல்லை. பத்து இஞ்ச்சை வைத்தார். வாளி தெரிந்தது, மஞ்சள் மறைந்தது.

"பாத்தியா? பத்துதான்."

"இப்ப பாப்பா ஏறட்டும்."

இறங்கும்போது ஒட்டகத்தின் கை அந்தக் குமிழ்மேல்தான் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் காற்று புஸ்ஸென்று இறங்கி, இருக்கை அவளுக்கு ஏற்ற மட்டத்துக்கு வந்துவிடும். அவன் அழுத்தவில்லை. மறந்துவிட்டான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பெடல் எங்கோ கீழே கிடந்தது, கால் அந்தரத்தில் ஆடியது. ஓட்டவா போகிறோம், வாளி பார்க்கத்தானே என்று அவளும் இருந்துவிட்டாள். இந்த வண்டியில் அவள் உட்கார்ந்ததே இது மூன்றாவது முறை. வெளியே ஏணியில் நின்ற ரிவெட்டுக்கு அவள் தலை மட்டும் தெரிந்தது, கால் தெரியவில்லை.

"அசையாம பாரு பாப்பா. கிளாம்பு வழுக்குது. வாளி?"

"தெரியுதுண்ணே."

"மஞ்சள்?"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெரியல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல. பத்தே போதும்."

ஒட்டகம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

வேலை தொடங்கியது. ரிவெட்டு கேபின் உச்சியில் நடுவை அளந்து கோடு போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிபாதி அளந்து, மூன்று தாங்கிகளுக்கும் இடம் குறித்தார். குறித்த இடத்தை ஆணியால் தட்டிக் குழி போட்ட பிறகுதான் டிரில்லை வைத்தார். இல்லையென்றால் முனை வழுக்கிப் பெயின்ட்டைக் கீறிவிடும். ஓட்டை விளிம்பெல்லாம் பெயின்ட் தொட்டு, சிலிக்கான் பசை பிதுக்கி, தாங்கிக்கும் கூரைக்கும் நடுவில் ரப்பர் பட்டை வைத்து போல்ட்டை முறுக்கினார். தகட்டுக்கும் கேபினுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து விட்டார், காற்று புகுந்து போவதற்கு. சந்து இல்லாவிட்டால் வேகத்தில் தகடு ஊதல் போட்டே ஆளைக் கொன்றுவிடும். ஒட்டகம் கீழே நின்று தகட்டைத் தலைக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஏணி தேவைப்படவில்லை.

"இதுக்காகவே உன்ன மாப்பிள்ளையா எடுத்தோம்," என்றார் ரிவெட்டு. எப்போதும் சொல்லுகிற நக்கல்தான். ஒட்டகத்துக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும். அவள் மூன்று பேருக்கும் முட்டை உரித்து வைத்தாள். ஒட்டகம் நின்றுகொண்டே தின்றான்.

"உக்காந்து சாப்பிடுங்களேன். எங்க ஓடப் போறீங்க?"

"பசியில்ல."

"நாக்கு இன்னும் எரியுதா?"

"இல்ல இல்ல. அதெல்லாம் ஆறிப்போச்சு."

"திங்கக்கெழம மட்டும் நீங்க கூட வாங்க. ஒரு வாரம் போகட்டும், அப்புறம் நான் தனியாவே போயிடுவேன்." முட்டைத் தோலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னாள். "புள்ளைய ஸ்கூல்ல விட நீங்க இருக்கீங்கல்ல, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி."

மகளுக்கு ஒன்பது வயசு. அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவது ஒட்டகம்தான். எந்த வண்டியும் கூடாது என்று டாக்டர் சொன்னதை, பக்கத்தில்தானே பள்ளிக்கூடம், நாலு மாதமாக ஒன்றும் வரவில்லையே என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வளைத்துக்கொண்டார்கள். அது ஒரு மாதத்துக்கு முன்பு. ஒட்டகம் மீதி ரொட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

நாலரை மணிக்குத் தகட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தார்கள். பளபளவென்று கண்ணைப் பறித்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், போல்ட்டை இன்னொரு முறை முறுக்க வேண்டும் என்று ரிவெட்டு அனுப்பி வைத்தார். அவள் ஏறினாள். பிரேக்கைத் தொடக் கால் நீட்டியவள், எட்டாமல், கையைக் கீழே விட்டுக் குமிழை அழுத்தினாள். காற்று இறங்கியது. இருக்கை தாழ்ந்தது. வாளி பார்த்த உயரம் இது இல்லையே என்று புது டிரைவருக்குத் தோன்றவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்த ஒட்டகம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான்.

முதலில் தெற்கே போகிற ரோடு. வெயில் பக்கவாட்டில் அடித்தது. அவள் நன்றாகவே ஓட்டினாள். அவனால்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"செவப்பு. செவப்பு வருது பாரு. இப்பவே காலை எடு. ஆங், நிறுத்து, நிறுத்து."

"நிறுத்திட்டேங்க."

"பச்ச. பச்ச விழுந்துடுச்சு, எடு. மெதுவா, பின்னாடி நாப்பது அடி டிரெய்லர் வருது."

"எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குங்க. ஒவ்வொரு சிக்னலுக்கும் நீங்க சொல்லணுமா?"

"பழக்கம்."

பிறகு மேற்கே திரும்பினார்கள். திரும்பிய மாத்திரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிப்போனது. தகட்டின் விளிம்புக்கு அடியில் வெயில் நேராக அவள் மூஞ்சியில் இறங்கியது. ஒட்டகத்தின் கண் தகட்டின் நிழலில் இருந்தது, அவனுக்கு ரோடு தெளிவாகத் தெரிந்தது. முன்னால் ஒருவர் சைக்கிளின் பின்னால் மெத்தைப் பஞ்சுக் கட்டு வைத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போவதும் தெரிந்தது. அவளுக்கும் தெரியும் என்று ஒரு கணம் நினைத்தான். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஏய், பிரேக்கு!"

அவள் மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது, காற்று பிரேக் சீறியது, கேபின் முன்னால் குனிந்து நிமிர்ந்தது. சைக்கிள்காரர் ரோட்டோரப் புழுதியில் சைக்கிளோடு சாய்ந்து கிடந்தார். வண்டி அவர்மேல் படவில்லை. பயத்தில் தானே ஒதுங்கி விழுந்திருந்தார். எழுந்து, பஞ்சுக் கட்டைத் தட்டிவிட்டு, கேபினை நோக்கி வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். அவ்வளவுக்கும் அவருக்கு உரிமை இருந்தது. ஒட்டகம் இறங்கிப் போய் கையெடுத்துக் கும்பிட்டு, சைக்கிளை நிமிர்த்தி, கட்டை இறுக்கிக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தான்.

அவள் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை விடவில்லை.

"தெரியவே இல்லங்க. சத்தியமா தெரியல. எல்லாம் வெள்ளையா இருந்துச்சு."

"ஒண்ணும் ஆகலல்ல. விடு."

"அண்ணன் கரெக்டாத்தான் அளந்தாரு. நானும்தான் மஞ்சள் தெரியலன்னு சொன்னேன். என் கண்ணுலதான் ஏதோ கோளாறு. இல்ல எனக்கு இது வராது." மூக்கை உறிஞ்சினாள். "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டா டிரெய்லர் ஓட்டிடலாம்னு நெனச்சது என் தப்பு. திங்கக்கெழம வேணாங்க. வேற டிரைவர் பாருங்க. கெடைக்கலன்னா அந்தத் தடத்த விட்டுடலாம். ஏழு மாசந்தானே, எப்படியோ ஓட்டிடலாம். அப்புறம் நீங்களே வந்துடுங்க."

ஒட்டகம் ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே அவன் மடியில் வந்து விழுந்தது. அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவள் தானாக இறங்கிவிடுவாள், வண்டி அவனுக்காகக் காத்திருக்கும், பத்து இஞ்ச் தகடு அவன் கண்ணுக்குத் தோதாக மேலே இருக்கும். ஆனால் பத்து வருஷம் லாரி ஓட்டியவன் அவன். அவள் அந்த பிரேக்கை எப்படி மிதித்தாள் என்று பார்த்திருந்தான். நாற்பது அடி டிரெய்லர் பின்னால் வர, ஒரு சாண்கூட விலகாமல் நேர்கோட்டில் நிறுத்தினாள். அவனே அப்படி நிறுத்தியிருப்பானா என்று தெரியவில்லை. இவ்வளவு நல்ல டிரைவரை எனக்கு வராது என்று சொல்ல வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல," என்றான். "வாளி பாத்தப்ப சீட்டு மேல இருந்துச்சு. என் உயரத்துக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"காத்த எறக்காமத்தான் எறங்கினேன்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

ரோட்டில் போன ஒரு பஸ் கேபினை ஆட்டிவிட்டுப் போனது.

"ஏன்?" என்று கேட்டாள். "ஏழு மாசங்கூட விட்டுக்குடுக்க மனசு வரலியா? ஏழு மாசம் கழிச்சு வேற தகடு மாட்டிட்டாப் போச்சு. அண்ணன் மாட்ட மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

"ஏழு மாசம் இல்ல." அவன் முழங்கைத் தழும்பைத் தடவினான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல. வழுக்கல. மறுபடி வந்துடுச்சு."

அவன் சொல்லிக்கொண்டே போனான். குழாய் ஓடியது, ரத்தம், எவ்வளவு நேரம் கிடந்தானென்று தெரியாதது, டீ சுட்டது என்றது, எல்லாவற்றையும். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாதோ என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னிக்கு?"

"இன்னியோட பத்தொம்பது நாள் ஆச்சு."

அவள் உதடு அசைந்தது. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன எண்ணுகிறாள் என்று அவனுக்கு முதலில் புரியவில்லை.

"லீவு போக பதிமூணு நாளு ஸ்கூலு," என்றாள். "பதிமூணு நாளு எம்புள்ளைய அந்த ஸ்கூட்டர்ல பின்னாடி வெச்சுட்டுப் போயிருக்கீங்க. தெரிஞ்சே."

பத்தொன்பது நாளும் அவன் இருக்கையைப் பற்றி யோசித்தான், வருஷத்தைப் பற்றி யோசித்தான். இதை யோசிக்காமல் இல்லை, யோசனை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாத்தான்..."

"பேசாதீங்க."

"இல்ல, நான்..."

"பேசாதீங்கன்னு சொன்னேன்ல! மாத்திரை ஏத்தணுமோ மாத்தணுமோ, அதக் கேக்கணும்னு கூடத் தோணலியா? அப்படி என்னங்க இருக்கு இந்த சீட்டுல? உயிரு இருக்கா? புள்ளைய விடவா?" ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். "எறங்குங்க."

"என்ன?"

"எறங்குங்க கீழ."

அவன் இறங்கினான். கதவு அறைந்து மூடியது. ரோட்டோரத்தில், தன் லாரியின் பக்கத்திலேயே, வழி கேட்டு நிற்கிறவன் மாதிரி நின்றான். மேலே கேபினுக்குள் அவள் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வெயில் பிடரியைப் பொசுக்கியது. விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தான். போனாலும் தப்பில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஹாரன் ஒரு முறை அடித்தது. ஏறினான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒரு கையைக் கண்ணுக்கு மேலே நெற்றியில் வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில், அடுத்த திருப்பம் வரை ஓட்டி, வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினாள்.

ரிவெட்டு கை கழுவிக்கொண்டிருந்தார். தங்கையின் மூஞ்சியைப் பார்த்ததும் சோப்பு நுரையோடு வந்தார்.

"என்னாச்சு பாப்பா?"

"அவரையே கேளுண்ணே."

ஒட்டகம் சொன்னான். இரண்டாவது முறை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான், அப்படி இல்லை. ரிவெட்டு முழுசாகக் கேட்டார். கையிலிருந்த நுரை காய்ந்துபோனது.

"பட்டறை ஆரம்பிச்சு இருபத்திரெண்டு வருஷம்," என்றார். "வாளி தெரியாம ஒரு வண்டிய நான் வெளிய விட்டதில்ல மாப்ள. இன்னிக்கு என் தங்கச்சியவே கண்ணு தெரியாம அனுப்ப வெச்சிட்டியே."

அடித்திருந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது ஒட்டகத்துக்கு. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனான். கையை உயர்த்தி, மத்தியானம் முறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தகடு வெயிலில் கொதித்துக் கிடந்தது, உள்ளங்கையைச் சுட்டது. கையுறை போடத் தோன்றவில்லை. பத்து இஞ்ச் தகட்டை இறக்கிச் சுவரில் சாய்த்தான். உள்ளே போய்ப் பதினாலு இஞ்ச்சை எடுத்து வந்தான். தாங்கி அதே தாங்கி, ஓட்டை அதே ஓட்டை. தகடு மட்டும்தான் வேறு.

"மொதல்ல பாப்பா ஒக்காந்து பாக்கட்டும்," என்றார் ரிவெட்டு. இந்த முறை ஏணியில் ஏறுவதற்கு முன்னால் கேபின் கதவைத் திறந்து, அவள் இரண்டு பாதமும் பெடலில் படிந்திருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். வாளி தெரிந்தது. மஞ்சள் தெரியவில்லை. அவள் மூன்று தடவை பார்த்துச் சொன்னாள்.

"மாப்ள," என்றார் ரிவெட்டு, போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "இத மாட்டினா நீ இந்த வண்டிய ஓட்ட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மச்சான். மாட்டு."

"சொல்லிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வருத்தமாத்தான் இருக்கு. மாட்டு."

தகட்டை அவன்தான் தாங்கிப் பிடித்தான், ரிவெட்டு முறுக்கினார். கை வலித்தது, தோள் வலித்தது, இறக்கவில்லை. அவள் அண்ணனிடம் தண்ணீர் கேட்டாள், அண்ணனிடம் மணி கேட்டாள். டாக்டரிடம் நாளைக்குக் காலையிலேயே போக வேண்டும், ஸ்கூட்டர் சாவியை நீயே வைத்துக்கொள் என்றும் அண்ணனிடம்தான் சொன்னாள். ஒட்டகம் பையிலிருந்து சாவியை எடுத்து மச்சான் கையில் கொடுத்தான்.

சூரியன் கட்டிடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் கிளம்பினார்கள். தகட்டின் பதினாலு இஞ்சும் ஒட்டகத்தின் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. டிரைவர் இருக்கைக்கு மட்டுமல்ல, பக்கத்து இருக்கையில் உட்காருகிறவனுக்கும் அதே தகடுதான் என்பதை அவன் அவ்வளவு நேரமும் யோசிக்கவே இல்லை. கழுத்தைச் சுருக்கிப் பார்த்தான். இருக்கையில் வழுக்கிக் கீழே இறங்கிப் பார்த்தான். ரோடு தெரிந்தது, முன்னால் போகிற வண்டிகளின் சக்கரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

பெரிய சந்திப்பு வந்தது. தூரத்தில் சிவப்பு ஒரு பொட்டாகத் தெரிந்தது. "செவ..." என்று ஆரம்பித்தான். கிட்டே வர வர விளக்கு மேலே ஏறி, தகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் வேகத்தைக் குறைத்து, கோட்டில் கொண்டுபோய் அலுங்காமல் நிறுத்தினாள். பக்கத்தில் ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. யாரோ ஹாரன் அடித்தார்கள். விளக்கு மாறிவிட்டதா, யார் போகலாம், யார் நிற்க வேண்டும் என்று அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வலது கால் தானாக விறைத்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை எடுத்தான். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"பச்சையா?" என்று கேட்டான்.

அவள் நேராகப் பார்த்தபடியே இருந்தாள். பதில் வராது என்று அவன் முடிவு செய்துகொண்ட பிறகு சொன்னாள்.

"இன்னும் இல்ல."